‘ஹக்கர்’ என்பவர் யார்?



அரசினர் பாடசாலை ஒவ்வொன்றிலும் சம்பவத் திரட்டுப் புத்தகம் என ஒன்று உண்டு. பாடசாலையில் நிகழும் குறிப்பிடத்தக்க காரியங்களை அதிபர் தம் கைப்பட அதில் எழுதி ஒப்பமிடுதல் வழக்கம். பெருங்காற்றிற் கூரை பறந்ததும் அதில் இருக்கும். கல்விப் பணிப்பாளர் வருகை தந்ததும் இருக்கும். மாணவர் தண்டிக்கப்பட்டதும் இருக்கும். எழுதியவர் ஓய்வுபெற்றுச் சென்ற பின்னரும் அந்த எழுத்து நின்று பேசும். மாத்தளை மாவட்டத்துப் பாடசாலையொன்றின் அதிபராகிய நான், சென்ற ஆண்டில் ஒருநாள் மாலை, அப்புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு சொல்லை எழுதுவதா விடுவதா என்று தெரியாமல் நெடுநேரம் அமர்ந்திருந்தேன். ‘ஹக்கர்’ என்பதே அச்சொல். பத்திரிகைகள் அதனை ஹக்கர் என்றும், ஹெக்கர் என்றும், ஹேக்கர் என்றும் பலவாறு எழுதுகின்றன. எழுத்திலேயே உடன்பாடு இல்லாத சொல்லுக்குப் பொருளில் உடன்பாடு எவ்வாறு இருக்கும்?

நடந்தது இதுதான். உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன், எங்கள் கணினி அறையிலே, தவணைப் பரீட்சைப் புள்ளிகள் சேமித்து வைக்கப்பட்டிருந்த கோப்பைத் திறந்து பார்த்துவிட்டான். அதற்குக் கடவுச்சொல் இடப்பட்டிருந்தது உண்மையே. ஆனால் அக்கடவுச்சொல், பாடசாலையின் பெயரோடு அது நிறுவப்பட்ட ஆண்டையும் சேர்த்து அமைக்கப்பட்டது; வாயிற் பலகையை வாசித்தவர் எவரும் ஊகிக்கத்தக்கது. அவன் ஒரு புள்ளியையேனும் மாற்றவில்லை. மறுநாட் காலையில் தானாகவே கணினிப் பாட ஆசிரியரிடம் சென்று, “சேர், அந்தக் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள், நான் திறந்துவிட்டேன்” என்று கூறினான்.

ஒழுக்காற்றுக் குழு கூடிற்று. மூத்த ஆசிரியர் ஒருவர், “இவன் ஹக்கர். அப்படியே புத்தகத்தில் எழுதுங்கள், சேர்” என்றார். ஆனால் வெளியே விறாந்தையில் நின்ற மாணவர்கள் அதே பெயரை அவனுக்கு அதற்கு முன்னரே சூட்டியிருந்தார்கள். அவர்கள் அதை ஒரு விருதாகச் சூட்டியிருந்தார்கள்! அறைக்குள்ளே வசையாகவும் அறைக்கு வெளியே வாழ்த்தாகவும் ஒரே வேளையில் வழங்கிய சொல் அது. கொழுந்து பறித்துப் பிள்ளையைப் படிக்க வைக்கும் அவனுடைய தாயார், வேலைக்குப் போகாமல் அன்று என்னிடம் வந்திருந்தார். “ஐயா, அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்? என் பிள்ளை களவெடுத்தானா?” என்று அவர் கேட்டார். நேயர்களே, அந்தத் தாயாரின் கேள்விக்கு விடை தேட முயன்றதன் பயனே இன்றைய எனது பேச்சு.

முதலிற் சொல்லின் வரலாற்றைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் ‘ஹக்’ என்பது கோடரியாலோ கத்தியாலோ ஓங்கி வெட்டுதலைக் குறிக்கும் பழஞ்சொல். அதற்கு இக்காலப் பொருள் பிறந்த இடம் அமெரிக்காவில் உள்ள எம்.ஐ.ரி. எனப்படும் மசச்சூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகமாகும். அங்கே 1946ஆம் ஆண்டில் மாணவர்கள் மாதிரி ரயில் கழகம் ஒன்றைத் தொடங்கினர். அக்கழகத்தவருட் சிலருக்கு, மேசையின் மேல் ஓடிய சிறு ரயில்களிலும் பார்க்க, மேசையின் கீழே அவற்றை இயக்கிய கம்பிகளிலும் தொலைபேசி ஆளிகளிலுமே ஈடுபாடு மிகுதி. பயன் எதையும் கருதாது, செய்வதிலுள்ள இன்பத்துக்காகவே அவர்கள் செய்த நுட்பமான வேலைக்கு ‘ஹக்’ என்று பெயரிட்டனர். 1959ஆம் ஆண்டிற் பீற்றர் சாம்சன் என்னும் மாணவர் அக்கழகத்தாரின் சொற்களைத் தொகுத்துச் சிறு அகராதியொன்றை ஆக்கினார். அதில் இச்சொல்லும் இடம்பெற்றது. இம்மாணவர்களே பின்னர் அந்நிறுவகத்தின் கணினிகளை நாடிச் சென்றனர். சொல்லும் அவர்களுடனேயே சென்றது.

தமிழ் இலக்கணம் கற்றவர்களுக்கு இது புதுமையன்று. ஒரு கூட்டத்தார் தமக்குள்ளே வழங்கும் சொல்லைக் குழூஉக்குறி என்று நம் இலக்கண ஆசிரியர் வகுத்துள்ளனர். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்று கூறுவதை அதற்கு உதாரணமாகப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருக்கிறோம். பொற்கொல்லர் பட்டறைக்குள்ளே ‘பறி’ என்றால் அது குற்றமற்ற சொல். பட்டறைக்கு வெளியே, விஷயம் அறியாத ஒருவர் காதில் அது விழுந்தால், யாரோ நகையைப் பறிக்கிறார்கள் என்றே அவர் திடுக்கிடுவார். ‘ஹக்கர்’ என்ற சொல்லுக்கும் இதுவே நேர்ந்தது. கழகத்துக்குள் வழங்கிய குழூஉக்குறி தெருவுக்கு வந்தது. வந்தவுடன் அதன் பொருள் வேறாயிற்று.

முற்காலத்தில் நல்ல பொருளே இருந்தது என்றும், பத்திரிகைக்காரரே அதைக் கெடுத்துவிட்டனர் என்றும் கணினி வல்லுநர் பலர் குறைகூறுவர். அதில் உண்மை உண்டு. ஆயினும் முழு உண்மை இல்லை. 1963ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலேயே, அதே நிறுவகத்து மாணவர் பத்திரிகை, தொலைபேசி இணைப்புகளில் விஷமம் புரிந்த மாணவர்களை இப்பெயரால் அழைத்தது. ஆகவே, பெருமையும் சிறுமையும் இச்சொல்லோடு ஏறக்குறைய ஒன்றாகவே வளர்ந்தன எனலாம்.

தொலைபேசி என்றதும் ஒரு கதை நினைவுக்கு வருகிறது. வானொலியிற் சொல்வதற்கு அது மிகவும் பொருத்தமானது. ஏனெனில் அது ஓர் ஒலியின் கதை. அக்கால அமெரிக்காவில், நெடுந்தூரத் தொலைபேசி இணைப்பொன்று ஓய்ந்திருக்கிறது என்பதை நிலையங்கள் ஒன்றுக்கொன்று அறிவிப்பதற்கு, வினாடிக்கு 2600 அதிர்வுகள் கொண்ட ஓர் ஓசையைப் பயன்படுத்தின. பிறவியிலேயே பார்வையற்றவரான ஜோ எங்கிரெசியா என்பவர், தாம் சிறுவனாக இருந்தபோதே, அந்த ஓசையை வாயாற் சீழ்க்கையடித்து இணைப்பைத் தம் வசப்படுத்தலாம் எனக் கண்டுபிடித்தார். கட்டணமின்றித் தொலைதூரம் பேச அது வழிவகுத்தது. இவரைப் போன்றோர்க்கு ‘பிரீக்கர்’ என்று பெயர் வந்தது. 1971ஆம் ஆண்டில் எஸ்குவயர் என்னும் சஞ்சிகை இவர்களைப் பற்றி எழுதியதும் நாடெங்கும் இப்பெயர் பரவிற்று. தொலைபேசிக் கம்பெனிக்கு அவர் கட்டணம் செலுத்தாதவர். அவரளவிலோ, காணாத உலகத்தைக் காதாற் கற்றவர். இரண்டும் உண்மை. ஒரே பெயரில் இரண்டையும் அடக்க முயன்றதனாலேயே வழக்கு எழுகிறது.

சொல்லின் தலைவிதியை நிர்ணயித்த ஆண்டு 1983 எனலாம். அவ்வாண்டில், மில்வோக்கி நகரத்தைச் சேர்ந்த இளைஞர் குழுவொன்று, அணுஆயுத ஆய்வு நடைபெறும் லொஸ் அலமொஸ் ஆய்வுகூடம் உட்படப் பல கணினிகளுக்குள் நுழைந்தமை வெளியாயிற்று. பல இடங்களில், கணினியை விற்றவர்கள் ஆரம்பத்தில் இட்ட கடவுச்சொல் மாற்றப்படாமலே இருந்தது. எங்கள் பாடசாலையின் கடவுச்சொல்லை எண்ணி நான் தலைகுனிந்த இடம் இதுவே. அவ்விளைஞருள் 17 வயது நிரம்பிய ஒருவரின் படத்தை அட்டையில் இட்டு ‘நியூஸ்வீக்’ சஞ்சிகை ஹக்கர்களைப் பற்றி எச்சரிக்கை செய்தது. அன்று தொடக்கம் பொதுமக்கள் மனத்தில் ஹக்கர் என்றால் கணினிக் கள்ளன் என்றே ஆயிற்று.

தம் பெயர் களங்கப்படுவதைக் கண்ட பழைய ஹக்கர்கள் வாளாவிருக்கவில்லை. 1985ஆம் ஆண்டளவில், பூட்டை உடைத்து நுழைபவனுக்கு ‘கிரக்கர்’ என்று வேறு பெயரிட்டனர். 1993ஆம் ஆண்டில் இணையப் பாவனையாளருக்கென வெளியிடப்பட்ட கலைச்சொற்றொகுதியும், கணினியின் உட்செயல்களை நுணுகி அறிவதில் மகிழ்பவரே ஹக்கர் என்றும், அனுமதியின்றி நுழைய முயல்பவர் கிரக்கர் என்றும் பிரித்துக் கூறிற்று. இப்பிரிவினை அறிவுக்குப் பொருத்தமானது. ஆனால் நாவில் ஏறவில்லை. நம் நாட்டிலே கிரக்கர் என்றால் தேநீரோடு உண்ணும் பிஸ்கட்டே பிள்ளைகள் நினைவுக்கு வரும். பின்னர், நல்லவர்க்கு வெள்ளைத்தொப்பி, தீயவர்க்குக் கறுப்புத்தொப்பி, இடைப்பட்டவர்க்குச் சாம்பற்றொப்பி என்று நிறம் பிரித்தனர். அது பழைய அமெரிக்கக் குதிரைவீரர் திரைப்படங்களின் வழக்கு. எங்கள் தோட்டப்புறங்களிலோ தொப்பி என்றால் துரையின் தொப்பிதான். அதன் நிறத்தைக் கொண்டு அவர் குணத்தை எவரும் கணித்ததில்லை. பிறர் எழுதிய கருவியை, அது இயங்கும் விதம் அறியாமலே ஏவிவிடும் சிறுவர்க்கும் ஓர் ஏளனப் பெயர் வழங்குகிறது. கணக்கின் விடையை மாத்திரம் பார்த்தெழுதிவிட்டு வழியைக் கேட்டால் விழிக்கும் மாணவனை அறிந்த ஆசிரியர்க்கு அவர்களைப் பற்றி விளக்க வேண்டியதில்லை.

இனித் தமிழிற் படைக்கப்பட்ட சொற்களை நோக்குவோம். ‘இணையத் திருடன்’ என்பர் சிலர். அது விசாரணைக்கு முன்பே தீர்ப்பை எழுதிவிடுகிறது. ‘ஊடுருவி’ என்பர் வேறு சிலர். இச்சொல் நுழைவை மட்டும் கூறி, நோக்கத்தைப் பற்றி மௌனமாக இருக்கிறது. அந்த அளவில் அது நேர்மையானது. ஆனால் எவ்விடத்திலும் நுழையாமல், தன் சொந்தக் கணினியையே பிரித்து ஆராயும் வல்லுநரை அது குறிக்க மாட்டாது. கலைச்சொல் ஆக்குவோர் சிலர் ‘கொந்தர்’ என்று ஒரு சொல்லை வழங்குகின்றனர். கொந்துதல் என்பது பறவை அலகாற் கொத்துவதையும் குத்திக் கிளறுவதையும் குறிக்கும். ஆங்கிலச் சொல்லின் வெட்டும் குணத்தை அது தாங்கி நிற்கிறது. நன்மை தீமை இரண்டுக்கும் இடந்தருகிறது. மரங்கொத்தி மரத்தைக் கொத்துவது மரத்தை அழிப்பதற்கன்று. உள்ளிருக்கும் புழுவைக் காண்பதற்கு. ஆயினும் கொத்தப்பட்ட மரத்தின் சொந்தக்காரர் அதை மகிழ்ந்து ஏற்பார் என்று சொல்ல முடியாது.

இலக்கியமும் அகராதியும் இவ்வாறு கூற, சட்டம் யாது கூறுகிறது? இங்கே நம் அயல்நாட்டின் அனுபவம் கவனிக்கத்தக்கது. இந்தியாவின் 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம், தனது 66ஆம் பிரிவுக்கு இச்சொல்லையே தலைப்பாகச் சூட்டிற்று. பிறர்க்கு நட்டம் விளைவிக்கும் எண்ணத்துடனோ, விளையும் என அறிந்தோ, கணினியிலுள்ள தகவலை அழித்தல், மாற்றுதல், அதன் பயனைக் குறைத்தல் ஆகியவற்றையே அது ‘ஹக்கிங்’ என வரையறுத்தது. அதாவது, குற்றத்தின் உயிர்நிலை நுழைவில் அன்று, கேட்டிலே இருந்தது. ஆனால் 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அச்சொல் அப்பிரிவிலிருந்து நீக்கப்பட்டது. கணினி சார்ந்த குற்றங்கள் என்ற பொதுத்தலைப்பு அவ்விடத்தைப் பெற்றது. சட்டமியற்றும் சபைக்கே இச்சொல் பிடிகொடுக்கவில்லை போலும்!

இலங்கையின் 2007ஆம் ஆண்டு 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் வேறு வழியை மேற்கொண்டது. சட்டபூர்வமான அதிகாரம் தனக்கில்லை என்று அறிந்துகொண்டு, வேண்டுமென்றே ஒரு கணினிக்குள் பிரவேசிக்க முயல்வது 3ஆம் பிரிவின்படி குற்றம். எதையும் சேதப்படுத்தாவிடினும் குற்றமே. இன்னொரு குற்றத்தைப் புரியும் எண்ணத்துடன் அவ்வாறு பிரவேசிப்பதை 4ஆம் பிரிவு தனியாக வைத்துக் கூறுகிறது. இப்பிரிவுகள் ஆளுக்குப் பட்டம் சூட்டவில்லை. செயலையே அளந்து நிறுக்கின்றன. ஆசிரியர்களாகிய நாம் பின்பற்றத்தக்க முறை இதுவென்று எனக்குத் தோன்றுகிறது.

2016ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் நம் நாட்டு ஜனாதிபதியின் உத்தியோகபூர்வ இணையத்தளத்தின் முகப்பு மாற்றப்பட்டதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் அயல் மாவட்டமாகிய கண்டியைச் சேர்ந்த 17 வயது மாணவர் ஒருவர் அது தொடர்பாகக் கைது செய்யப்பட்டார். அங்கே பதியப்பட்டிருந்த செய்தி, உயர்தரப் பரீட்சையைச் சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் நடத்தும் எண்ணத்தை மீண்டும் பரிசீலிக்குமாறு கேட்டது. நாட்டின் இணையத்தளங்களின் பாதுகாப்பைக் கவனிக்குமாறும் கூறிற்று. கோரிக்கையை மாத்திரம் எடுத்தால், எந்த மாணவர் தலைவரும் விண்ணப்பமாக எழுதி என் மேசையில் வைக்கக்கூடியதே அது. ஆனால் அதை எழுதிய இடம் அவர்க்கு உரிமையான இடமன்று. கேட்டது நியாயமாக இருக்கலாம். கேட்ட முறை சட்டத்துக்கு மாறானது. ‘ஹக்கர்’ என்ற ஒற்றைச் சொல் இவ்விரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது. கட்டிய பின் நாம் அவிழ்த்துப் பார்ப்பதில்லை.

தண்டனையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1988ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 2ஆம் திகதி, ரொபேர்ட் மொரிஸ் என்னும் பல்கலைக்கழக மாணவர் ஏவிவிட்ட ஒரு நிரல், தானே தன்னைப் பெருக்கிக்கொண்டு, அமெரிக்காவின் ஆயிரக்கணக்கான கணினிகளைச் செயலிழக்கச் செய்தது. 1990ஆம் ஆண்டில் நீதிமன்றம் அவரைக் குற்றவாளியாகக் கண்டது. ஆயினும் சிறைக்கு அனுப்பவில்லை. மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணித்தியாலச் சமூக சேவையும், அபராதமும் விதித்தது. பிற்காலத்தில் அவர் அதே எம்.ஐ.ரி. நிறுவகத்தில் பேராசிரியராக விளங்கினார். குற்றம் குற்றமென்றே எழுதப்பட்டது, மனிதர் கைவிடப்படவில்லை.

என் மூத்த ஆசிரியரின் வாதத்தை நான் இலேசாக மதிக்கவில்லை. “கதவு திறந்திருந்தது என்பதற்காக அயலார் வீட்டுக்குள் போகலாமா, சேர்? அங்கே இருந்தவை நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் புள்ளிகள் அல்லவா?” என்று அவர் கேட்டார். அக்கேள்விக்கு எதிர்வாதம் இல்லை. தன் புள்ளி பிறர் கண்ணிற் படக்கூடாதென்று கூசும் பலவீனமான மாணவனும் என் பிள்ளைதான். ஆகவே, திறமை உண்டு என்பதற்காகத் தவற்றை மறைத்தல் தகாது.

‘களவும் கற்று மற’ என்றொரு பழமொழி நம்மிடையே உண்டு. தீயதன் தன்மையையும் அறிந்து, அறிந்த பின் அதைக் கைவிடு என்று அதற்குப் பொருள் கூறுவர் ஒரு சாரார். அது அவ்வாறன்று, ‘களவும் கத்தும் மற’ என்பதே மூலம், களவையும் பொய்யையும் ஒருங்கே விட்டுவிடு என்பதே பொருள் என்று வாதிடுவர் மற்றொரு சாரார். ஹக்கர் பற்றிய வழக்கும் இவ்விரு பாடங்களுக்கும் இடைப்பட்ட வழக்கே. பூட்டின் பலவீனத்தைக் கற்காதவன் நல்ல பூட்டைச் செய்ய இயலாது. அந்த அளவில் முதற்பாடம் வேண்டற்பாலது. ஆனால் பிறர் வீட்டுப் பூட்டிலே கற்கக்கூடாது. அந்த அளவில் இரண்டாம் பாடமும் வேண்டற்பாலது. கற்பதற்குத் தனிக் கணினியும், கண்ட குறையைச் சொல்வதற்கு ஓரிடமும் இருந்தால் இரண்டும் இணங்கும். நம் நாட்டில் 2006ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ‘சேர்ட்’ என்னும் கணினிப் பாதுகாப்பு அமைப்பு இத்தகைய குறைகளை அறிவிப்பதற்குரிய இடங்களுள் ஒன்று. மாணவர்க்கு அதைச் சொல்லிக் கொடுத்த பாடசாலைகள் எத்தனை? என் பாடசாலை சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

அத்தாயாருக்கு நான் கூறிய விடை இதுதான்: “அம்மா, நீங்கள் நாள்தோறும் கொழுந்து பறிக்கிறீர்கள்; அது உழைப்பு. வீதியில் ஒருவன் சங்கிலி பறிக்கிறான், அது களவு. பறித்தல் என்ற சொல் ஒன்றே. யாருடைய பொருளை, யாருடைய சம்மதத்தோடு, எதற்காக என்று கேட்டாலே வேறுபாடு தெரியும். உங்கள் பிள்ளை எதையும் எடுக்கவில்லை. ஆனால் கேளாமல் உள்ளே போனான்; அது பிழை. அந்தப் பிழையைத் தன் வாயாலேயே வந்து சொன்னான். அதையும் நான் எழுதுவேன்.”

அவ்வாறே எழுதினேன். மாணவன் அனுமதியின்றிக் கோப்பைத் திறந்தான் என்றும், எதையும் மாற்றவில்லை என்றும், மறுநாள் தானே அறிவித்தான் என்றும், கடவுச்சொல் எளிதில் ஊகிக்கத்தக்கதாக இருந்தமை நிருவாகத்தின் குறை என்றும் நான்கு வாக்கியங்கள் எழுதி ஒப்பமிட்டேன். அத்தவணை முழுதும் அவன் ஆசிரியர் துணையின்றிக் கணினி அறைக்குட் செல்லக்கூடாது எனவும் விதித்தேன். ‘ஹக்கர்’ என்ற சொல்லை எழுதவில்லை. மூத்த ஆசிரியர் அதைப் படித்துப் பார்த்து, “தண்டனை குறைவு, சேர்” என்றார். எனினும் நான்கு வாக்கியங்களுள் எதையும் பொய்யென்று அவர் சொல்லவில்லை.

நேயர்களே, மொழி வல்லுநர் இச்சொல்லின் பொருளை ஒருநாள் முடிவுசெய்யட்டும். பெற்றோரும் ஆசிரியரும் அதுவரை காத்திருத்தல் இயலாது. பிள்ளைகள் நாளை காலையிலும் பாடசாலைக்கு வருவார்கள். ஒரு பிள்ளைக்கு இத்தகைய பெயரைச் சூட்ட நாவெழும்போது, அவன் செய்தது யாது என்பதை நான்கு வாக்கியங்களிற் சொல்ல முயன்று பாருங்கள். சொல்ல முடிந்தால் அப்பெயர் தேவைப்படாது. சொல்ல முடியாவிட்டால், அப்பெயரைச் சூட்டும் தகுதி நமக்கு இன்னும் வரவில்லை என்றே பொருள்.